ஒற்றைக் கண்ணாடியில் எட்டுக் கட்டம்: ஏற்காட்டு ஜன்னல், மூன்றாம் முயற்சி

ஒரே பெரிய கண்ணாடியின் மேல் மெல்லிய மரச் சட்டம் ஒட்டி, எட்டுச் சின்னக் கண்ணாடி பதித்த பழைய கால ஜன்னல் போலக் காட்டும் வேலை மூன்றாவது தடவையில் கைகூடிவிட்டது. ஏற்காட்டில் மாமா வீட்டுக் கூடத்து ஜன்னல். உள்ளே ஒரு சட்டம், வெளியே ஒரு சட்டம், நடுவில் அதே பழைய 5 மி.மீ. கண்ணாடி. வாசலில் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் எட்டுத் தனிக் கண்ணாடி போட்டது போலத்தான் தெரிகிறது. மிளகு விஷயமாக வந்த பக்கத்துத் தோட்டக்காரர், "கண்ணாடியை மாத்திட்டீங்களா?" என்று கேட்டு விரலால் தட்டிப் பார்த்தார். அன்றைக்கு எனக்கு அதுவே போதும்.

முதல் முயற்சி வெள்ளை வினைல் டேப். ஆனியில் ஒட்டியது, ஐப்பசி மழையில் ஓரம் ஓரமாகச் சுருண்டு தொங்கியது. இரண்டாவது, நீளவாக்கில் அறுத்த மெல்லிய மரத்துண்டுகளை, அதாவது பட்டைகளை, உள்பக்கம் மட்டும் ஒட்டியது. கூடத்திலிருந்து பார்க்க அழகு. வெளியே வந்தால் வானத்தின் பிம்பம் கண்ணாடி முழுக்க ஒரே பாளமாக ஓடுகிறது, பட்டை அதற்குப் பின்னால் அமுங்கிக் கிடக்கிறது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்த பிறகு எழுந்த தோட்டத்து பங்களாக்களை நினைத்துப் பாருங்கள். பெரிய கண்ணாடி செய்வது அப்போது எளிதல்ல. சின்னச் சின்னதாக வெட்டிச் சட்டத்தில் பதித்தார்கள். அந்தச் சட்டம் வெளியே துருத்தி நிற்கும், அதன் நிழல் கண்ணாடியில் விழும். அந்த நிழல்தான் ஜன்னலுக்கு முகம் கொடுக்கிறது. ஆகவே வெளிப்பக்கமும் பட்டை வேண்டும். அதில் சமரசமே கிடையாது.

அளவு: தெரியும் கண்ணாடி 450க்கு 1200 மி.மீ. பட்டை 20 மி.மீ. குறுக்கே மூன்று, நெடுக்கே ஒன்று. பட்டையைக் கழித்துவிட்டு வகுத்தால் ஒவ்வொரு கட்டமும் 215க்கு 285. 1200ஐ நேராக நாலால் வகுத்துக் கோடு போட்டுவிட்டு, கோட்டுக்கு ஒரு பக்கமாகப் பட்டையை வைத்தால் ஒரு கட்டம் மட்டும் பெரிதாகிவிடும். கண் அதை உடனே பிடித்துவிடும்.

இனி, என்னை இரண்டு வாரம் தூங்கவிடாத விஷயம். உள்பட்டையும் வெளிப்பட்டையும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாக உட்கார வேண்டும். சட்டத்து ஓரத்திலிருந்து ஒரே அளவுக் கட்டையை வைத்து இரண்டு பக்கமும் குறிக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். உள்ளே கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய மரச்சட்டம் (பீடிங்), வெளியே கதவின் மரவிளிம்பு. இரண்டும் ஒரே கோட்டில் இல்லை, 3 மி.மீ. தள்ளியது. சரி, கண்ணாடி வழியாகவே பார்த்துக் குறிக்கலாம் என்றால், பார்க்கிற கோணம் ஏமாற்றுகிறது. 45 டிகிரி சாய்வில் பார்த்தால் 5 மி.மீ. கண்ணாடியில் இரண்டரை மி.மீ. விலகல். தலை லேசாகச் சாய்ந்தாலே 1 மி.மீ. போச்சு.

கடைசியில் கண்ணே வழி காட்டியது. அறைக்குள் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு இருட்டாக்கினேன். வெளியே நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் என் கண்ணின் பிம்பத்தைப் பார்த்தேன். தன் கண்ணையே தான் பார்க்கும்போது பார்வை கண்ணாடிக்கு நேர் செங்குத்து. உள்பட்டையின் விளிம்பு அந்தக் கண்பாப்பாவைச் சரிபாதியாக வெட்டுகிற இடத்தில், வெளியே ஒட்டியிருந்த மாஸ்கிங் டேப்பில் பென்சிலால் ஒரு கோடு. நாலு பட்டைக்கு இரண்டு முனை, மொத்தம் எட்டுக் கோடு. ஒட்டிய பிறகு அளந்தேன்: எங்குமே அரை மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இல்லை. இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு உண்மையிலேயே பெருமை.

பட்டை தேக்கு. சேலத்து மரவாடியில் அறுத்து வாங்கி, பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் மடியில் பிடித்துக்கொண்டே வந்தேன். குறுக்கும் நெடுக்கும் சேரும் இடத்தில் பாதிப் பாதி வெட்டிக் கோத்து, ஒரே சட்டமாக்கிய பிறகே ஒட்ட வேண்டும். வெளிச்சட்டத்தில் குறுக்குப் பட்டைகளின் மேல்முகத்தை இழைப்புளியால் சரிவாக்கச் சொன்னது ஆசாரியண்ணன்தான். "தம்பி, தண்ணி நின்னா மரம் நிக்காது" என்றார். கண்ணாடியைத் தொடும் முகத்துக்கும் பெயின்ட் அடித்துவிடுங்கள்; மறுபக்கத்திலிருந்து அதுவும் தெரியும்.

ஒட்டுவதற்கு விஎச்பி டேப், அதாவது இரண்டு பக்கமும் ஒட்டும் பலமான டேப், 19 மி.மீ. அகலம். ஒட்டினால் நகர்த்தவே முடியாது. அதனால் காகிதத்தை முழுக்க உரிக்காமல், ஒவ்வொரு முனையிலும் ஒரு வாலை மடித்து வெளியே நீட்டிவிட்டு, கோட்டில் சரியாக நிறுத்திய பிறகு வாலைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும். ஏற்காட்டில் காலை வேளையில் ஒட்டவே ஒட்டாதீர்கள். பனியில் குளிர்ந்த கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கும். டேப் அந்த ஈரத்தைத்தான் பிடிக்கும், கண்ணாடியை அல்ல. மாசி மாதம், மதியம் இரண்டு மணி, வெயில் பட்ட கண்ணாடி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவில் கலந்து துடைத்தது. அதுதான் கை கொடுத்தது.

டேப் விஷயத்தில் ஒரு வயிற்றெரிச்சல். சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு கடையில் அசல் விஎச்பி என்று சொல்லிக் கொடுத்த சுருள், சாதாரண நுரை டேப்புக்கு மேல் சிவப்புக் காகிதம் சுற்றியது. துண்டு மரத்தில் சோதித்ததால் தப்பித்தேன், ராத்திரியே விழுந்துவிட்டது. சுருள் வாங்கினால் முதலில் ஒரு துண்டை ஒட்டி, மூன்று நாள் கழித்துப் பிடுங்கிப் பாருங்கள்.

அடுத்து சேலத்து வீட்டின் மேற்குப் பக்க ஜன்னல்கள். மனைவிக்குக் கறுப்புச் சட்டம் வேண்டும். சித்திரை வெயிலில் 40 டிகிரி தொடும் ஊரில், கறுப்புப் பட்டை சூடேறி அதன் ஓரத்தில் சாதாரணக் கண்ணாடி விரிசல் விடுமோ என்ற பயம் எனக்கு. வெள்ளைக்குச் சம்மதிக்க வைக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் இங்கேயே வேலை பாக்கி: கூடத்து வெளிச்சட்டத்துக்கு இரண்டாம் கோட் எனாமல், ஓரத்தில் இடுக்கை அடைக்கச் சிலிக்கான் பசை. புளிப்பு வாடை அடிக்காத நியூட்ரல் வகைதான் வேண்டும், மேலே ஏற்காட்டில் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் கீழே இறங்கும்போது இரண்டு குழாய் வாங்கி வர வேண்டும்.