பத்து மணிக்குத் திறக்கும் தோட்டம்

மார்ச் 3

இருபத்திரண்டு சிற்பங்களைப் படமெடுத்துக் கொடுக்க வேண்டும். தோட்டம் காலை 10க்குத் திறந்து 3க்கு மூடிவிடும். இளவெயிலும் கிடையாது, அந்திவெயிலும் கிடையாது.

முதலில் மாட்டியது ஒரு வெண்கலத் தலை. மணி 12.30. நெற்றியும் மூக்கு நுனியும் வெள்ளையாக எரிந்துபோயின. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கரிக்குழிகள். சிற்பி மாதக்கணக்கில் இழைத்திருக்கக்கூடிய முகத்தை 1/125 விநாடியில் மண்டையோடாக்கிவிட்டேன்.

மார்ச் 4

கேமராவின் ஒளி அளக்கும் மீட்டரை விட்டுவிட்டுப் பழைய சூத்திரத்துக்குப் போனேன். தெளிந்த வெயில், லென்ஸ் துளை எஃப்/16, ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டர் 1/100 அல்லது 1/125 விநாடி. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கத்தான் மீட்டர் பார்க்கும். கறுத்த வெண்கலத்தை வெளிறச் செய்யும், வெள்ளைப் பளிங்கை அழுக்காக்கும். இரண்டின் மேலும் விழுவது ஒரே வெயில்தானே. பளிங்குக்கு மட்டும் வெளிச்சத்தை இன்னும் அரை ஸ்டாப் குறைத்து (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்), கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்தேன். உளித்தடங்கள் திரும்பி வந்தன. நிழலைக் கணினியில் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப்போனது போனதுதான்.

பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியையும் லென்ஸில் மாட்டிப் பார்த்தேன். பச்சை பூத்த வெண்கலத்தில் மினுமினுப்பு குறைந்து நிறம் தெரிந்தது. துலக்கிய எஃகில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. வெற்று உலோகத்தின் பளபளப்புக்கு அது சரிப்படாது. ஆனால் உச்சிவேளைக்கு ஒரு சலுகை உண்டு. சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் போலரைசர் வானத்தை அதிகம் கறுக்க வைக்கும். சூரியன் தலைக்கு மேலே இருந்தால் அடிவானம் சுற்றிலும் அந்தத் திசைதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் வானம் ஒரே நீலம்.

மார்ச் 6

மெல்லிய வெள்ளைத் துணியைச் சட்டத்தில் கட்டி, அதே வெண்கலத் தலைக்கு மேல் பிடிக்கச் சொன்னேன். துணி எவ்வளவு கிட்டே வருகிறதோ அவ்வளவு மென்மை. கீழே மார்பளவில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டை. கண்குழிகளுக்குள் வெளிச்சம் ஏறியது. முகம் முகமாயிற்று. ஆனால் முகம் துணி நிழலில், பின்னால் இருந்த புல்வெளி முழு வெயிலில். புல் பாலாக வெளுத்துவிட்டது. கரும்பச்சை மரங்கள் பின்னணியில் வரும்படி நான்தான் சுற்றிப் போய் நிற்க வேண்டியிருந்தது. பிறகு காற்று வந்தது. அந்தக் கதை வேண்டாம்.

மார்ச் 9

இன்று கண்டுபிடித்ததை முதல் நாளே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

கிழக்குப் பார்த்த சுவரில் ஐந்து கல் பலகைகள், மிகத் தாழ்வான புடைப்புச் சிற்பங்கள். புடைப்பு மூன்று மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். 10 மணிக்குப் பார்த்தபோது ஏதோ கீறல்கள் போலிருந்தன, கடந்து போய்விட்டேன். 11.30 வாக்கில் தண்ணீர் குடிக்கத் திரும்பி வந்தால், சுவரில் ஆட்கள் நிற்கிறார்கள்! விரல்கள், துணி மடிப்பு, குதிரையின் பிடரி எல்லாம் எழுந்துவிட்டன. வெயில் சுவரின் மேல் விழவில்லை, மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கியது. வெண்கலத் தலையைக் கெடுத்த அதே வெயில்.

கணக்கு எளிது. சூரியன் 4 நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி நகர்கிறது. சுவரோடு எட்டு டிகிரி இருக்கையில் மூன்று மில்லிமீட்டர் புடைப்பு இரண்டு சென்டிமீட்டர் நிழலைப் போடும். அப்படி நிழல் நீள்வது கடைசி அரை மணி நேரம்தான். அதற்குப் பிறகு சுவரே நிழலுக்குள் போய்விடும். ட்ரைபாடை நகர்த்தி மட்டம் பார்ப்பதற்குள் இரண்டு பலகைகள்தான் கிடைத்தன.

இனி எந்தச் சிற்பம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று எழுதிக்கொண்டுதான் மற்றதெல்லாம்.

மார்ச் 10

பலகை மூன்றும் நான்கும் முடிந்தன. ஐந்தாவதில் பறவை எச்சம். துடைக்க அனுமதி கேட்க வேண்டுமாம்.

1908இல் புகைப்படக்காரர் எட்வர்ட் ஸ்டைகன், சிற்பி ரோதான் செய்த எழுத்தாளர் பால்சாக்கின் சிலையை நிலா வெளிச்சத்தில் படமெடுத்தார். சிற்பியே கூப்பிட்டுச் செய்யச் சொன்ன வேலை. கேட் மூடும் நேரத்தைப் பற்றி ஸ்டைகனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மார்ச் 12

எச்சத்தைத் துடைத்துவிட்டார்கள். வானம் முழுக்க மேகம். “இன்னைக்கு வெயில் இல்ல, உங்களுக்கு நல்லதுதானே சார்?” என்றார் காவலாளி. நல்லதுதான்: துணியும் அட்டையும் இல்லாமல் ஆறு தலைகளை முடித்துவிட்டேன். 11.15லிருந்து ஐந்தாவது பலகையின் முன் உட்கார்ந்திருந்தேன். மறுபடி வெறும் கீறல்கள்.

மேகம் 12.20க்கு விலகியது. சுவர் நிழலில் இருந்தது.