அப்பா சைக்கிளின் பிரீவீலைக் கழற்றிய கதை

அப்பா அரிசி மூட்டை ஏற்றிப்போன 22 இஞ்ச் சைக்கிள். பின் சக்கரத்தின் 40 போக்ஸ் கம்பியில் செயின் பக்கம் மூன்று அறுந்துவிட்டன. பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான பிரீவீலும் சில நேரம் பிடிக்காமல், பெடல் சும்மா சுற்றும். புதுக் கம்பி கோர்க்க வேண்டிய ஓட்டைகளை பிரீவீல் மறைத்திருந்ததால் அதைக் கழற்றியே ஆக வேண்டும். கடையில், "இது கழலாது தம்பி, கம்பியெல்லாம் வெட்டிட்டு ஹப்போட மாத்திடலாம்" என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை, ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) நன்றாகத்தான் இருந்தது. கம்பியை வெட்டிவிட்டால் பிறகு ஹப்பைப் பிடித்துத் திருப்ப எதுவும் இருக்காது, ரிம்தான் நமக்கு நெம்புகோல்.

பிரீவீல் ஹப்பில் ஏறியிருப்பது சாதாரண வலது மரைதான், 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. ஆனால் மிதிக்க மிதிக்க இறுகும், இதில் எத்தனை வருட மிதி! மரை இருக்கும் இடத்தில் இரண்டு நாள் மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டேன். அப்புறம் பிரீவீலில் இருக்கும் நான்கு வெட்டில் ரிமூவரை (அதைக் கழற்றும் கருவி) வைத்து ஸ்பானரால் திருப்பினால், முதல் தடவையே நழுவி ஒரு வெட்டின் ஓரம் மழுங்கிவிட்டது. பயந்துபோனேன். ரிமூவரை வெறுமனே வைத்ததுதான் தவறு. ஆக்சில் நட்டைத் திரும்பப் போட்டு அதை அழுத்திப் பிடிக்க வைக்க வேண்டும்.

அப்படிச் செய்து, தெரு முனை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அண்ணன் ரிமூவரை வைஸில் கடித்துவைத்தார். சக்கரம் படுத்த வாக்கில் மேலே, பிரீவீல் கீழே. நானும் மச்சானும் எதிரெதிரே நின்று ரிம்மைப் பிடித்து, மேலிருந்து பார்க்க இடப்பக்கமாக, பஸ் ஸ்டியரிங்கை ஒடிப்பதுபோல் திருப்பினோம். இரண்டு முறை அசையவில்லை. மூன்றாவதில் 'டக்'. உடனே நிறுத்தி நட்டைத் தளர்த்திவிட்டேன், இல்லையென்றால் கழன்றுவரும் பிரீவீல் நட்டில் முட்டி ஆக்சிலையே கெடுத்துவிடும். மீதியைக் கையாலேயே சுற்றி எடுத்தேன்.

பிரீவீலையும் பிரித்தேன். அதன் மூடி இடது மரை, கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும், இதைத் தெரியாமல் சுத்தியால் அடித்து உடைத்தவர்கள் நிறைய. அகலமான தட்டில் வைத்துத் திறங்கள், பால்ஸ் கொட்டும். உள்ளே யாரோ கெட்டி கிரீஸ் அப்பியிருந்தார்கள். அது இறுகிப்போய், பல்லில் விழ வேண்டிய சின்ன நாக்குகள் எழவே முடியாமல் கிடந்தன. பெடல் சும்மா சுற்றியது அதனால்தான்! மண்ணெண்ணெயில் கழுவி, மூடிக்கு அடியில் இருந்த மெல்லிய வாஷர்களை அதே எண்ணிக்கையில் திரும்ப வைத்தேன். ஒன்று கூடினால் ஆட்டம், குறைந்தால் இறுக்கம்.

கம்பி கோர்த்து கோட்டம் எடுத்த பிறகு, ஹப் மரையைத் துடைத்து கிரீஸ் தடவி (கிரீஸ் மரைக்கு மட்டும்), முதலில் பின்பக்கமாக லேசாகச் சுற்றி மரை விழுந்ததும் முன்பக்கம் கையாலேயே ஏற்றினேன். ஸ்பானர் வேண்டாம், ஒரு மேட்டில் ஏறி மிதித்தால் தானாக இறுகிவிடும்.

இப்போது மாதம் ஒருமுறை சைக்கிளைச் சாய்த்துப் போட்டு, பிரீவீலின் சுற்றும் பாகத்துக்கும் நிற்கும் பாகத்துக்கும் நடுவே மெல்லிய எண்ணெய் நாலு சொட்டு விட்டுச் சுற்றி, வழிவதைத் துடைத்துவிடுகிறேன்.