முகப்பு வரைக்கும்தான்

எங்க காரைக்குடி வீட்ல முகப்புல யாரு வேணா உக்காரலாம், ரெண்டாங்கட்டுக்கு வரணும்னா இடுப்புல சாவிக்கொத்தோட நிக்கிற அப்பத்தாவ கேட்டுட்டுதான் வரணும். பெகாசஸ்ங்கிற உளவு சாஃப்ட்வேர் அப்படி இல்லங்க, நாம எந்த லிங்க்கையும் தொடாமயே போனுக்குள்ள வந்து மைக், கேமரா, மெசேஜ்னு எல்லாத்தையும் எடுத்துரும், வித்த கம்பெனியோ அரசாங்கங்களுக்கு மட்டும்தான் விக்கிறோம்ங்குது. இத வெச்சு இங்க ஆளுங்கள வேவு பாத்தாங்களான்னு விசாரிக்க உச்ச நீதிமன்றம் போட்ட குழு பாத்த 29 போன்ல 5ல ஏதோ மால்வேர், அதாவது கெடுதல் பண்ற சாஃப்ட்வேர், இருந்துச்சு, பெகாசஸ்தான்னு உறுதியா சொல்ல முடியல, மத்திய அரசு ஒத்துழைக்கலன்னும் 2022ல சொன்னாங்க. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017லயே 9 நீதிபதிகள் சொல்லிட்டாங்களே! குண்டு வைக்கிறவன புடிக்க ஒட்டுக்கேளுங்க, வேணாங்கல, ஆனா உள்துறை செயலாளர் கையெழுத்து மட்டும் பத்தாது, ஒரு நீதிபதிகிட்ட காரணம் சொல்லி அனுமதி வாங்கிட்டு கேளுங்க.