அம்மா பெயரில் ஒரு வீட்டு வரி ரசீது

நேற்றுதான் ரசீது கைக்கு வந்தது. அப்பா பெயரில் இருந்த வீட்டு வரியை அம்மா பெயருக்கு மாற்ற ஏறக்குறைய ஐந்து மாதம். கிராம ஊராட்சியில் இதே வேலைக்கு அலையப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று உடனே எழுதுகிறேன்.

முதல் வீண் அலைச்சல் இறப்புச் சான்றிதழுக்கு. அப்பா தவறியது தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில். நான் எங்கள் ஊர் விஏஓவிடம் போய் நின்றேன். உயிர் எந்த ஊரில் போனதோ அங்கேதான் பதிவு, குடியிருக்கும் ஊரில் கிடையாது. வாரிசுச் சான்றிதழ் இ-சேவையில் போட்டு ஒரு மாதத்துக்குள் வந்துவிட்டது, அதில் குறை இல்லை.

ஊராட்சி அலுவலகத்தில்தான் இழுத்தது. செயலர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்துப் போனால், "உங்க தங்கச்சியோட சம்மதக் கடிதம் வேணுமே தம்பி" என்கிறார். அம்மா பெயருக்கு மாற்ற மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டுமாம். முன்பே தெரிந்திருந்தால் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவளிடமே வாங்கியிருப்பேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போட்டுப் போனாள். நீங்கள் முதல் தடவையே எல்லா வாரிசுகளிடமும் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

அப்புறம் தலைவர் கையெழுத்து. தலைவரே இல்லை. 2019 டிசம்பர் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, எங்கள் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்புக்குப் போய்விட்டன. கையெழுத்து அப்போது தனி அலுவலரான பிடிஓவிடம், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரிடம். 2023-இல் சித்தப்பா இதே பெயர் மாற்றத்துக்குத் தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாயங்காலமே கையெழுத்து வாங்கி வந்தார். எனக்கோ இரண்டு பஸ் மாறி 22 கிலோமீட்டர்.

ஒன்றிய அலுவலகத்தில் பிடிஓ இரண்டு பேர் என்று யாரும் சொல்லவில்லை. பத்தரை மணிக்கு ஓர் அறை வாசலில் உட்கார்ந்தேன். ஒரு மணிக்கு அலுவலக உதவியாளர் என் காகிதத்தை வாங்கிப் பார்த்து, "இவர் வட்டார ஊராட்சி. நீங்க கிராம ஊராட்சி சாரைப் பார்க்கணும். அவர் காலையிலேயே கேம்ப் போயிட்டாரே" என்றார். பெயர்ப்பலகையில் பதவிக்குக் கீழே இருப்பதையும் படித்துவிட்டு உட்காருங்கள். அடுத்த மூன்று தடவையும் ஆய்வு, கூட்டம், கலெக்டர் ஆபீஸ்.

அந்த அதிகாரியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் ஊராட்சிகள் சுமார் 12,500, ஒன்றியங்கள் 388. சராசரியாக ஒருவர் தலையில் 32 ஊராட்சி. அத்தனை ஊர்க் குழாயையும் தெருவிளக்கையும் பார்ப்பவரிடம் என் ஃபைல் அடியில்தான் கிடக்கும். தேர்தலை நடத்தாமல், ஊருக்குள் இருந்த கையெழுத்தை ஒன்றியத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

காரியம் நகர்ந்தது ஆகஸ்ட் 15 கிராமசபையில். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். வரவு செலவு படித்து முடித்ததும் அம்மா எழுந்து, "வரி கட்ட நான் தயாரா இருக்கேன். என் பேர்ல ரசீது குடுக்க ஏன்யா இத்தனை நாளு?" என்று கேட்டார். இன்னும் நான்கு பெண்கள் தங்கள் மனுக்களோடு எழுந்தார்கள். கூட்டத்தைக் கவனிக்கப் பற்றாளராக அனுப்பப்பட்டிருந்த அலுவலர் ஐந்தையும் வாங்கிக்கொண்டார். பதிவேட்டில் ஏற்றி, ஒப்புகை எழுதித் தரும்வரை நான் அந்த மேசையை விட்டு நகரவில்லை. வாயால் சொல்லிவிட்டு வந்தால் எதுவும் நடக்காது, எழுத்தில் வாங்குங்கள்.

பத்தாம் நாள் செயலரே போன் செய்தார். ஐந்து பேருக்கும் கையெழுத்து ஆகியிருந்தது.

அப்பாவின் பழைய ரசீதுகள் இருக்கும் மஞ்சள் பையில் அம்மா இதையும் வைத்துவிட்டார். நாளை மின் இணைப்புப் பெயர் மாற்றம். இதன் நகலோடு தங்கையின் கடிதமும் இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.