பாதி மூடிய பூதக்கண்ணாடி

சென்ற ஞாயிற்றுக்கிழமை, பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் தன் அறிவியல் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பூதக்கண்ணாடிபோல் நடுவில் தடித்த குவிலென்சு பிம்பம் உருவாக்கும் விதத்தைக் காட்டும் கதிர்ப்படங்களை அளவுகோல் வைத்து, கூரான பென்சிலால், ஒரு பிசிறும் இல்லாமல் வரைந்திருந்தாள். பொருளின் உச்சியிலிருந்து முதன்மை அச்சுக்கு (லென்சின் நடுவே குறுக்காகச் செல்லும் நேர்கோட்டுக்கு) இணையாக வரும் கதிர் லென்சைக் கடந்ததும் முதன்மைக் குவியத்தின் (அப்படி இணையாக வரும் கதிர்கள் கூடும் புள்ளியின்) வழியே செல்கிறது. ஒளியியல் மையத்தின் (லென்சின் நடுப்புள்ளியின்) வழியே செல்லும் கதிர் திசை மாறாமல் போகிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பிம்பம் விழுகிறது. படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் லென்சின் கீழ்ப்பாதியை அட்டையால் மூடிவிட்டால் திரையில் என்ன தெரியும் என்று கேட்டபோது, "பாதிப் படம்தான் தெரியும், சித்தி" என்று சற்றும் தயங்காமல் சொன்னாள்.

அவள் வயதில் நானும் அந்த விடையைத்தான் எழுதியிருப்பேன். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தலை ஆராய்ந்துவந்த லிலியன் மெக்டெர்மாட், பிரெட் கோல்ட்பெர்க்குடன் சேர்ந்து 1987ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இதே கேள்வி உண்டு. கல்லூரியில் இயற்பியல் படித்தவர்களிலும் பலர், பாதி பிம்பம் மறைந்துவிடும் என்றே சொல்லியிருந்தார்கள். பிழை மாணவர்களுடையது அன்று என்பது என் கருத்து. இரண்டு கோடுகளை மட்டும் வரையப் பழகிய கைக்கு, அந்த இரண்டு கோடுகளே பிம்பத்தை உண்டாக்குகின்றன என்று தோன்றுவது இயல்பு.

அப்பா செய்தித்தாள் படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டோம். சன்னலுக்கு வெளியே தொலைவில் நிற்கும் தென்னை மரம், எதிர்ச்சுவரில் தலைகீழாகத் தெளிவாக விழும்வரை கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தி, சுவருக்கும் கண்ணாடிக்கும் இடையே அளந்தோம். 20 செ.மீ. வந்தது. வெகுதொலைவிலிருந்து வரும் கதிர்கள் ஏறத்தாழ இணையாகவே வருவதால், இதுதான் அந்த லென்சின் குவியத் தொலைவு, அதாவது லென்சிலிருந்து குவியம்வரை உள்ள தூரம். பிறகு அறையை இருட்டாக்கி, லென்சிலிருந்து 30 செ.மீ. தொலைவில் ஒரு மெழுகுவர்த்தியையும், மறுபக்கம் 60 செ.மீ. தொலைவில் ஒரு வெள்ளைத் தாளையும் நிறுத்தினோம். தாளில் இரண்டு மடங்கு பெரிய சுடர் தலைகீழாக நின்று ஆடியது. மின்விசிறிக் காற்றில் சுடர் இடப்பக்கம் சாய்ந்தால், தாளில் அது வலப்பக்கம் சாய்ந்தது.

இப்போது கண்ணாடியின் கீழ்ப்பாதியை அட்டையால் மூடச் சொன்னேன். சுடர் முழுதாகவே இருந்தது, வெளிச்சம்தான் குறைந்தது. மேல்பாதியை மூடியபோதும் அப்படியே. கண்ணாடியின் நடுவில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை ஒட்டினோம்; அப்போதும் சுடரில் ஓட்டை விழவில்லை. அட்டையில் சிறிய வட்டத் துளையிட்டு, அதன் வழியாக மட்டும் ஒளியை விட்டபோது, சுடர் மங்கினாலும் அதன் விளிம்பு முன்பைவிடக் கூர்மையாகத் தெரிந்தது.

சுடரின் நுனியை ஒரு புள்ளியாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து ஒளி எல்லாத் திசைகளிலும் விரிந்து செல்கிறது. அதில் ஒரு கூம்பு, லென்சின் முகம் முழுவதையும் வந்து நிறைக்கிறது. அங்கே விழும் ஒவ்வொரு கதிரையும், மையத்தில் விழுந்தாலும் விளிம்பில் விழுந்தாலும், லென்சு மறுபக்கத்தில் ஒரே புள்ளிக்குத் திருப்பி அனுப்புகிறது. சுடரின் அடிப்பகுதியிலுள்ள புள்ளிக்கும் அதே லென்சு முழுவதும் இப்படியே பயன்படுகிறது. ஆகவே லென்சின் மேல்பாதி பொருளின் மேல்பாதியைக் காட்டுகிறது என்ற பங்கீடு எங்குமே இல்லை. லென்சின் ஒவ்வொரு துண்டும் முழுப் பிம்பத்தை உருவாக்குகிறது. பாடநூலின் இரண்டு கதிர்கள், எளிதில் வரையக்கூடியவை என்பதற்காகவே எண்ணற்ற கதிர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை. அந்த இரண்டும் செல்லும் வழியை அடைத்துவிட்டாலும் பிம்பம் அங்கேயே இருக்கும்.

எல்லாக் கதிர்களும் ஒரே புள்ளிக்கு எப்படி வந்து சேர்கின்றன? விளிம்புக்கு அருகில் கண்ணாடியின் சரிவு அதிகம் என்பதால் அங்கே ஒளி கூடுதலாக வளைகிறது என்பது ஒரு விளக்கம். எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஒளி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ. செல்கிறது, கண்ணாடிக்குள் ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ.தான். விளிம்பு வழியாகச் செல்லும் பாதை நீளமானது, ஆனால் அங்கே கண்ணாடி மெல்லியது. நடுவழி குறுகியது, ஆனால் அங்கே கண்ணாடி தடித்தது. சுடரின் நுனியிலிருந்து பிம்பத்தின் நுனிக்கு எந்த வழியில் போனாலும் ஒளிக்கு ஒரே நேரம் ஆகுமாறு அந்தத் தடிமன் அமைந்திருக்கிறது. ஒளி தன் வழியைத் தேர்வதில் நேரமே அளவுகோல் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த கணித அறிஞர் ஃபெர்மா வகுத்த கொள்கையின் பயன் இது.

அடுத்து, தாளை எடுத்துவிடச் சொன்னேன். பிம்பம் போய்விட்டது என்றாள். தாள் இருந்த இடத்துக்கு ஒரு கை தூரம் பின்னால், லென்சுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னதும், சிறிது தேடிவிட்டு, தலைகீழான சுடர் காற்றில் தொங்குவதைக் கண்டுகொண்டாள். தாள் இருந்த இடத்தில் ஒரு பென்சில் முனையை நிறுத்தினோம். தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தபோது பென்சில் முனையும் சுடரும் ஒன்றைவிட்டு ஒன்று விலகவில்லை. பென்சிலைச் சற்று முன்னே தள்ளியதும் விலகின. மெய்ப் பிம்பம் என்ற பெயருக்கு இதுதான் பொருள். கதிர்கள் உண்மையாகவே அங்கே வந்து கூடிப் பிரிகின்றன; தாள் அவற்றைச் சிதறடித்து எல்லோர் கண்ணுக்கும் அனுப்பும் வேலையை மட்டுமே செய்கிறது. செய்தித்தாளிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் இதே கண்ணாடியைப் பிடித்தால் எழுத்துகள் இரு மடங்காக, நேராகத் தெரியும். ஆனால் அது மாயப் பிம்பம். கதிர்கள் எங்கும் கூடாததால் எந்தத் தாளாலும் அதைப் பிடிக்க முடியாது.

மெழுகுவர்த்தியையும் தாளையும் 90 செ.மீ. இடைவெளியில் அசையாமல் வைத்து, லென்சை மட்டும் நகர்த்தினால் இரண்டு இடங்களில் தெளிவான பிம்பம் கிடைக்கும்: சுடரிலிருந்து 30 செ.மீ.யில் இரு மடங்காக, 60 செ.மீ.யில் பாதியாக. இடைவெளியை 80 செ.மீ. ஆக்கினால் சரியாக நடுவில் ஒரே ஓர் இடம், பிம்பம் சுடரின் அளவிலேயே இருக்கும். 70 செ.மீ.யில் வைத்து அவள் வெகுநேரம் நகர்த்திப் பார்த்தாள். தாளில் வெளிச்சத் திட்டு மட்டுமே கிடைத்தது. பொருளுக்கும் திரைக்கும் இடையே குவியத் தொலைவைப் போல் நான்கு மடங்காவது இருந்தாக வேண்டும் என்பதை அவளே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தாள்.

அப்பா கட்டிலில் அமர்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அறுவை சிகிச்சைக்கு முன் அவருடைய வலக்கண்ணில் புரை விழுந்திருந்தது. கண்ணின் லென்சில் திட்டுத் திட்டாக வெண்மை படர்ந்திருந்தும், அவர் பார்த்த பக்கத்தில் எந்த எழுத்தும் தனியாகக் காணாமற்போகவில்லை. பக்கம் முழுவதும் புகை படிந்ததுபோல் இருந்தது என்றுதான் அப்போது சொல்வார். அக்கா மகள் நாணயம் ஒட்டிய பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, "இப்படித்தானே இருந்துச்சு, தாத்தா?" என்று தாளில் மங்கலாக ஆடிய முழுச் சுடரைக் காட்டினாள்.