கோயில் மணியை வைத்துக் கேசட்டின் சுருதியைச் சரிசெய்தது

காங்கேயம் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் நோம்பியில் (திருவிழாவில்) 1990களில் நடந்த அண்ணன்மார் கதையின், அதாவது பொன்னர், சங்கர் அண்ணன்மாரைப் பற்றிய கதைப்பாட்டின், ஒரு பகுதி, கேசட்டாக மாமா வீட்டில் இருந்தது. மைக்செட் ஆம்பிளிஃபயரில் இருந்து ஒயர் இழுத்து, பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரில் எடுத்தது. அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி முடித்தாயிற்று. முதல் பக்கத்துக்கு வேகமும் சுருதியும் சரிசெய்து முடித்திருக்கிறேன். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் இருக்கும் அதிர்வெண் ஆய்வு வசதிகள் இதற்கு எப்படிக் கைகொடுத்தன என்பதை, இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

கேசட்டைப் போட்டதும் யாருக்கும் தெரிந்துவிடும், பாட்டு வேகமாக ஓடுகிறது. அண்ணன்மார் மாண்டு கிடக்கும் படுகளத்தில் அவர்கள் தங்கை தங்காள் அழும் இடத்தில் பாடகரின் குரல் மெலிந்து கீச்சென்று இருக்கிறது. நேரில் கேட்டவர்கள் அவர் குரல் கனமானது என்கிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது. பாட்டு போகப் போகச் சுருதி மேலே ஏறுகிறது. "கதை சூடு புடிக்கப் புடிக்கச் சுருதிய ஏத்தீட்டே போவாரு மாப்ள" என்று மாமா சொன்னார். அது பாடகர் ஏற்றியதா, டேப் ஏற்றியதா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஆசை.

முதலில் குரலை அளந்தேன். உடுக்கை ஓய்ந்து அவர் ஒரே சுரத்தில் நீட்டி நிற்கும் இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண் எவ்வளவு ஓங்கி ஒலிக்கிறது என்று காட்டும் வரைபடம்) திறந்தால், உயரமான முகடு 392 ஹெர்ட்ஸில் நிற்கிறது. இதையே சுருதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மனிதக் குரலில் அடிப்படை அதிர்வெண்ணை விட அதன் இரட்டிப்பு ஓங்கி ஒலிப்பது சகஜம். அதே ஜன்னலில் அல்காரிதத்தை என்ஹான்ஸ்டு ஆட்டோகோரிலேஷன் என்று மாற்றினால், அலை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்பதை வைத்து அது கணக்குப் போடும். அதில் 196 வந்தது. சுருதியைக் கட்டையில் சொல்லும் நம் கணக்கில் ஐந்து கட்டை. உடுக்கையும் குரலும் சேர்ந்து வரும் இடத்தில் இந்த வழி பலிக்காது, அதனால் இடத்தைப் பொறுக்கி எடுப்பதில்தான் பாதி வேலை.

சரி, கேசட்டில் ஐந்து கட்டை. அவர் உண்மையில் பாடியது என்ன? அதற்கு, பாட்டு நடந்த அன்றைக்கே அளவு தெரிந்த ஏதாவது ஒரு சத்தம் டேப்பில் பதிந்திருக்க வேண்டும்.

கரண்டின் இரைச்சல் பதிந்திருந்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆம்பிளிஃபயருக்குள் ஏசியை டிசியாக மாற்றும் இடத்தில் இருந்து 100, 200, 300 என்று இரைச்சல் கிளம்பிப் பாட்டோடு சேர்ந்து பதிந்துவிடும். டேப் வேகமாக ஓடினால் அதுவும் சேர்ந்து மேலே ஏறும். பாட்டு இல்லாத இடத்தில் பிளாட் ஸ்பெக்ட்ரத்தின் சைஸை, அதாவது ஒரே தடவையில் எடுத்துப் பார்க்கும் சாம்பிள்களின் எண்ணிக்கையை, 65536 என்று வைத்துப் பார்த்தேன். விநாடிக்கு 44100 என்ற சாம்பிள் ரேட்டை அதால் வகுத்தால் ஒரு கட்டத்துக்கு 0.67 ஹெர்ட்ஸ், அவ்வளவு நுணுக்கமாகத் தெரியும். 300 பக்கத்தில் இரண்டு கோடுகள் தனித்தனியாக நின்றன. 300-ல் நிற்பது இப்போது கேசட்டை ஓட்டும் என் டெக்கின் இரைச்சல். 311.4-ல் நிற்பது அன்றைய மைக்செட்டின் இரைச்சல். 50-ல் பார்த்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியாது. ஆறாவது மடங்கில் போய்ப் பார்க்கும்போது இடைவெளியும் ஆறு மடங்கு ஆகிவிடுகிறது.

311.4-ஐ 300-ஆல் வகுத்தால் 1.038. அதாவது 3.8 சதவீதம் வேகம். இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் அன்றைக்குக் கரண்டு உண்மையிலேயே 50-ல் இருந்ததா என்ற கேள்வி இருக்கிறது. இன்றைக்கு நாடு முழுவதும் ஒரே மின்தொகுப்பு, அதிர்வெண் 50-ஐ விட்டு அதிகம் விலகாது. அன்று தென்மண்டலம் தனித் தொகுப்பு. தேவை மிஞ்சிய மாலை நேரங்களில் அதிர்வெண் 49-க்கும் கீழே இறங்குவது சாதாரணம். அதிர்வெண்ணை ஒட்டிக் கட்டணம் கணக்கிடும் முறை தென்மண்டலத்துக்கு 2003 ஜனவரியில் வந்த பிறகுதான் அது ஓரளவு ஒழுங்குக்கு வந்தது. ஆக, நோம்பி நடந்த ராத்திரியின் கரண்டை 50 என்று நம்பிக் கணக்குப் போட முடியாது.

கோயில் மணி அப்படி இல்லை. கேசட்டின் தொடக்கத்தில் தீபாராதனை மணி கேட்கிறது, முதல் பக்கம் முடியும் முன்பு இன்னொரு முறையும் கேட்கிறது. வார்த்த வெண்கலம் விரிசல் விடாத வரை அதன் ஓசை மாறாது. வெயிலுக்கும் குளிருக்கும் உண்டாகும் மாற்றம் இந்த வேலைக்குப் பொருட்டே இல்லை. கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். "எங்கப்பாரு காலத்து மணிங்க, எத்தன தடவ வேணாலும் அடிச்சுப் பாத்துக்குங்க" என்றார். போனில் சத்தத்தைக் குறைத்துக் கூட்டும் வசதிகளை எல்லாம் அணைத்துவிட்டு, வேவ் ஃபைலாகப் பதிவு செய்தேன்.

மணியின் அதிர்வெண்கள் தந்தியில் வருவதுபோல் ஒன்று, இரண்டு, மூன்று மடங்காக வராது, ஒழுங்கில்லாத இடைவெளியில்தான் வரும். அது இங்கே நமக்குப் பெரிய வசதி, ஒவ்வொரு மணிக்கும் அதுவே கைரேகை. போன் பதிவில் 842, 1986, 2533 ஆகிய இடங்களில் முகடுகள். கேசட்டின் தொடக்க மணியில் 893, 2105, 2685. மூன்றையும் வகுத்துப் பார்த்தால் மூன்றும் 1.06. வேறு மணியாக இருந்தால் மூன்றும் இப்படி ஒரே விகிதத்தில் வந்து நிற்க வழியில்லை. பூசாரி சொன்னது சரி, அதே மணிதான்.

அன்று ரெக்கார்டர் மெதுவாக ஓடியதா, இன்று என் டெக் வேகமாக ஓடுகிறதா என்று பிரித்துப் பார்க்கவும் தேவையில்லை. இரண்டும் சேர்ந்த மொத்தத்தை மணி காட்டிவிடுகிறது. கூடவே ஒன்று கிடைத்தது. 311.4-ஐ 1.06-ஆல் வகுத்து ஆறால் வகுத்தால் 48.96. அந்த ராத்திரி எங்கள் ஊரில் கரண்டு 49 ஹெர்ட்ஸில் ஓடியிருக்கிறது! இதைக் கணக்கில் கண்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

முடிவில் வரும் மணியில் 842-க்குப் பதில் 905, விகிதம் 1.075. ஆக அரை மணி நேரத்துக்குள் டேப்பின் வேகம் இன்னும் விலகியிருக்கிறது. பேட்டரி இறங்க இறங்க ரெக்கார்டர் மோட்டார் தளர்ந்திருக்க வேண்டும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறித்தான் கேட்கும். நேரம் போகப் போக அதிர்வெண் எப்படி மாறுகிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் விண்டோ சைஸைப் பெரிதாக்கி 300-க்கும் 320-க்கும் இடைப்பட்ட பகுதியை மட்டும் விரித்துப் பார்த்தால், இரைச்சலின் கோடு இடமிருந்து வலம் சீராக மேலேறி, கடைசியில் 316-ஐத் தொடுகிறது. எங்கும் திடீர்த் தாவல் இல்லை.

இதைத் திருத்துவதற்கு சேஞ்ச் பிட்ச் உதவாது. அது வேகத்தை அப்படியே விட்டுச் சுருதியை மட்டும் மாற்றும். டேப்பில் இரண்டும் சேர்ந்துதான் கெடும், சேர்த்துத்தான் திருத்த வேண்டும். வேகம் ஒரே அளவில் விலகியிருந்தால் சேஞ்ச் ஸ்பீடு அண்டு பிட்ச் போதும். 1.06-க்கு அதில் கொடுக்க வேண்டியது −6 இல்லை, −5.66 என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கே விலகல் போகப் போகக் கூடுவதால் இடத்துக்கு இடம் வேகத்தை மாற்ற உதவும் டைம் டிராக் சேர்த்து, தொடக்கத்தில் 94.3, முடிவில் 93 சதவீதம் என்று புள்ளி வைத்தேன்.

திருத்திய பிறகு குரலை மறுபடி அளந்தேன். தொடக்கத்தில் 185 ஹெர்ட்ஸ், நாலரைக் கட்டை. முடிவிலும் 185. தம்பூரா இல்லை, சுருதிப்பெட்டி இல்லை, பக்கத்தில் உடுக்கை மட்டும்தான். அரை மணி நேரம் அழுதும் அதட்டியும் கதை சொல்லிக்கொண்டே அந்த மனிதர் சுருதியை இம்மி பிசகாமல் பிடித்திருக்கிறார். ஏறியது டேப்தான். மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஆமா மாப்ள, இதுதான் அவரு தொண்டை" என்றார்.

உடுக்கையையும் பார்த்தேன். அதற்கு ஸ்பெக்ட்ரோகிராமின் விண்டோ சைஸ் பெரிதாக இருந்தால் எல்லாம் மெழுகிப்போகும். 32768-ல் முக்கால் விநாடியைச் சேர்த்துப் பார்ப்பதால் அடிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 2048-ல் 46 மில்லி விநாடிதான், அடி அடியாகப் பிரிந்து தெரியும், ஆனால் அதிர்வெண் 21 ஹெர்ட்ஸ் கட்டமாகத் தடித்துப்போகும். உடுக்கைக்கு அந்தத் தடிப்பு பரவாயில்லை. உடுக்கையின் இடுப்பில் இருக்கும் கயிற்றை அடிப்பவர் இறுக்கும்போது, ஒரே அடியின் ஓசை 190-ல் கிளம்பி 280 வரை வளைந்து ஏறுவது படத்தில் தெளிவாகத் தெரிகிறது. குரல் இறங்கும் இடங்களில்தான் இந்த ஏற்றம் அதிகம் வருகிறது. அது தற்செயலா, அவர் வைத்திருந்த முறையா என்று முழுப் பாட்டையும் குறித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து இரண்டாம் பக்கம். அதில் மணி இல்லை. முதல் பக்கம் முடியும்போதும் கரண்டு 49-ல் நின்றது (316-ஐ 1.075-ஆல் வகுத்து ஆறால் வகுத்தால் 48.99) தெரிந்துவிட்டதால், கேசட்டைத் திருப்பிப் போட்ட முதல் சில நிமிடங்களுக்கு இரைச்சலையே அளவாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் அவருடைய நாலரைக் கட்டையை நம்பித்தான் திருத்தப் போகிறேன்.