டைமண்ட் டி 980, 1:35 அளவு: டிரெய்லரின் 24 டயர்கள்

அசலில் 35-ல் ஒரு பங்கு அளவில் செய்யும் லாரி மாடல் முடிந்துவிட்டது. இந்தக் குறிப்பு அதன் பின்னால் வரும், டாங்க் ஏற்றும் ரோஜர்ஸ் டிரெய்லரைப் பற்றியது. மேலிருந்து பார்த்தால் வெறும் தட்டு, வேலையெல்லாம் அடியில்தான்.

டைமண்ட் டி 980, 1941-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக அமெரிக்காவில் உருவான இழுவை லாரி. 6 சிலிண்டர், 14.7 லிட்டர் ஹெர்குலிஸ் டீசல் எஞ்சின். ஷெர்மன் டாங்க் சுமார் 30 டன். டிரெய்லர் 45 டன் தாங்கும். கொக்கியில் மாட்டி இழுக்கும் வகை என்பதால் டாங்கின் பாரம் லாரியின் மேல் இறங்காது. பின்சக்கரம் வழுக்காமல் பிடிக்க லாரிக்கே எடை வேண்டும். கேபினுக்குப் பின்னால் எடைப்பெட்டி இருப்பது அதற்குத்தான். மாடலில் அதைக் காலியாக விட்டால் வண்டியின் அர்த்தமே போய்விடும்.

டிரெய்லருக்கு முன்னால் ஒரு வரிசை, பின்னால் இரண்டு, வரிசைக்கு எட்டு டயர். டயர் அளவு 8.25-15, 1:35-ல் விட்டம் சுமார் 24 மி.மீ., அகலம் 6 மி.மீ. 2 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் மூன்று வட்டம் வெட்டி ஒட்டி, டிரில் மெஷினில் மாட்டிக் கடைந்து மாஸ்டர் (அச்சு எடுப்பதற்கான மூல டயர்) எடுத்தேன். பட்டன் பள்ளங்களுக்கு ஊசி அரம். பாரம் ஏறிய டயர் அடியில் சப்பும். ஆகவே மாஸ்டரிலேயே அரை மி.மீ. தேய்த்துத் தட்டையாக்கியாயிற்று. நான்கு குழி அச்சு, வீணானவை போக ஏழு வார்ப்பு, 28 டயர். நான்கு உபரி.

அச்சுக்குச் சிலிகான் ரப்பர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிளாட்டினம் வகை, கந்தகம் கலந்த களிமண்ணைத் தொட்டால் அந்த இடத்தில் இறுகாது, பிசுபிசுப்பாகவே நிற்கும். டின் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதல் மூன்று வார்ப்பும் ஐப்பசி மழையில். மூன்றும் வீண். அச்சில் ஊற்றிய பாலியூரிதேன் ரெசின் பொங்கி, டயர் ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. ரெசினின் ஐசோசயனேட் பாகம் தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு வெளிவரும், குமிழி அதனால்தான். கும்பகோணம் பக்கம் அடைமழை நாளில் காற்றே ஈரத்துணி. அதோடு பேப்பர் கப், ஐஸ் குச்சி இரண்டிலும் ஈரம் ஒளிந்திருக்கும். மாற்றியது இவை: பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் கரண்டி, பாட்டிலைச் சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைத்தல், கெட்டிப்படுத்தச் சேர்க்கும் டால்க் பவுடரை வாணலியில் சூடாக்கி ஆறவிடுதல், அச்சை 60 வாட் குண்டு பல்பின் கீழ் ஒரு மணி நேரம் காயவைத்தல். பல்பு அச்சைத் தொடக்கூடாது. அச்சு ரொம்பச் சூடாக இருந்தால் ஊற்றி முடிப்பதற்குள் ரெசின் இறுகிவிடும். கையில் வெதுவெதுப்பாகத் தெரிந்தால் போதும்.

காற்று போக வழி வைக்காவிட்டால் இதெல்லாம் செய்தும் டயரின் மேல் விளிம்பில் ஓட்டை விழும். சுவாமிமலை ஸ்தபதிகள் வண்டல் மண் பூசிக் கட்டும் அச்சிலும் காற்றுக்கு வழி விடுகிறார்கள், கணக்கு ஒன்றேதான். ஒவ்வொரு குழிக்கும் எதிரெதிராக 1 மி.மீ. துளை இரண்டு. அதன் பிறகு வந்த டயர்கள் சுத்தம்.

அடுத்தது இதைவிடக் கடினம்: 24-ம் தரையில் படவேண்டும். அசலில் சக்கரங்களின் குட்டை ஆக்சில்கள் தனித்தனியே ஆடுவதால் மேடுபள்ளத்தில் பாரம் பிரிந்து இறங்கும். மாடலிலும் அந்த ஆட்டத்தை விட்டு வைப்பதே நல்லது. 1 மி.மீ. பித்தளைக் கம்பியை ஊசியாகச் செருகி, பசை போடாமல் கண்ணாடிப் பலகைமேல் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு டயருக்கடியிலும் பேப்பர் துண்டு; இழுத்தால் தடையில்லாமல் வருகிறதா, அந்தச் சக்கரம் மிதக்கிறது. முதல் சோதனையில் ஐந்து மிதந்தன. ஆனால் காரணம் ஆக்சில் இல்லை, தட்டு. மூன்று ஷீட்டை ஒரே நாளில் ஒட்டியதால் உள்ளே மாட்டிய பசைக் கரைப்பான் ஆவியாகும்போது பிளாஸ்டிக்கை இழுத்து, தட்டு நடுவில் வளைந்துவிட்டது. இரண்டாவது தட்டுக்கு ஒரு அடுக்கு ஒட்டி, கண்ணாடிக்கு நடுவே பாரம் வைத்து இரண்டு நாள் காத்திருந்தேன். நடுவில் நெடுக்கே ஒரு பித்தளைப் பட்டையும் புதைத்தாயிற்று. பாத்திரப் பட்டறையில் விழும் கழிவுத் தகடே போதும். இப்போது ஒரு பேப்பரும் நழுவவில்லை.

டாங்கை இழுத்து ஏற்றும் வின்ச்சின் கேபிள் எளிது. அசலில் 300 அடி; இந்த அளவில் 2.6 மீட்டர். டிரம்மில் மேல் அடுக்கு மட்டுமே தெரியும் என்பதால் முழுவதும் சுற்ற வேண்டியதில்லை. பம்புசெட் மோட்டார் ரீவைண்டிங் கடையில் கிடைக்கும் 36 கேஜ் செம்புக் கம்பி ஏழு இழை சேர்த்து முறுக்கினால் 0.6 மி.மீ. கிட்ட வரும். முறுக்கியதும் நெருப்பில் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஸ்பிரிங் மாதிரி விரிந்துகொண்டே இருக்கும்.

பின்பக்கச் சாய்பலகை இரண்டும் பெயிண்டும் பாக்கி. ஈரக்காற்றில் லாக்கர் பெயிண்ட் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். தை பிறந்து வெயில் காய ஆரம்பித்த பிறகே ஸ்பிரே.